கால்நடை மருத்துவம் படிக்க ஒரு வருடத்தை விட வேண்டுமா?

சேலம் மாவட்டத்தில், மேட்டூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பதினேழு வயது மாணவி எழுதியிருக்கிறார். கோடுபோட்ட நோட்டுத்தாளில் எட்டுப் பக்கம். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

அப்பா விசைத்தறியில் கூலிக்கு ஓட்டுகிறார். அம்மா இரண்டு கறவை மாடுகளையும் பத்துப் பன்னிரண்டு மேச்சேரி ஆடுகளையும் பார்த்துக்கொள்கிறார். மாணவி எட்டாவது வரை ஊரிலுள்ள அரசு நடுநிலைப் பள்ளியில் படித்தவர். ஒன்பதிலிருந்து அரசு உதவி பெறும் பள்ளி. இப்போது பிளஸ் டூ, உயிரியல் - கணிதப் பிரிவு, தமிழ்வழி. போன வருடம் வீட்டுக் கிடேரி தலைச்சன் கன்று போட முடியாமல் ராத்திரி முழுக்கத் தவித்திருக்கிறது. இரண்டு முன்னங்கால்கள் வெளியே வந்துவிட்டன, தலை வரவில்லை. ஊரில் கைராசிக்காரர் என்று பெயர் வாங்கிய ஒருவர் காலில் கயிற்றைக் கட்ட, நான்கு பேர் சேர்ந்து இழுத்திருக்கிறார்கள். கன்று செத்துப் பிறந்தது. விடிவதற்குள் மாடும் போய்விட்டது. அன்றிலிருந்து கால்நடை மருத்துவர் ஆக வேண்டும் என்பதுதான் இவருடைய ஒரே நினைப்பு.

ஆனால் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒரு வருடம் வீட்டில் இருந்து நீட் பயிற்சிக்குப் போகட்டும், ஆடுகளை விற்று ஒன்றரை லட்சம் கட்டிவிடலாம் என்கிறார் மாமா. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் நிச்சயம் என்று தோழிகள் சொல்கிறார்கள். வெளிமாநிலத்தில் ‘நேரடி சீட்’ வாங்கித் தருவதாகச் சொல்லி இரண்டு லட்சம் முன்பணம் கேட்கிறார் ஒருவர். பக்கத்து டவுனில் ‘ஆறு மாத கால்நடை மருத்துவ டிப்ளமோ’ என்று போர்டு தொங்குகிறது. மாட்டு டாக்டர் வேலை பொம்பளைப் பிள்ளைக்கு ஆகாது என்பது பாட்டியின் கட்சி. கடைசிப் பக்கத்தில் அவரே ஒரு சந்தேகத்தையும் எழுதியிருக்கிறார்: “சந்தைக்கு ஆடு பிடித்துப்போகும்போதெல்லாம் அழுதுவிடுகிறேன். நான் இந்தப் படிப்புக்கு லாயக்கா?”

கண்ணு, உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நானும் கொங்கு நாட்டில் மாட்டுக் கொட்டகையை ஒட்டிய வீட்டில் வளர்ந்தவள். கால்நடை மருந்தகங்களில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறேன். எனக்குத் தெரிந்தவரை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நீட்டும் சீட்டும் இருக்கட்டும், முதலில் அந்தக் கிடேரியைப் பற்றிப் பேசிவிடுவோம்.

அந்த இரவில் நடந்தது

நீ எழுதியதை வைத்துப் பார்த்தால், கன்றின் தலை பக்கவாட்டில் மடங்கி, விலாவைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும். அப்படியிருக்கும்போது காலைப் பிடித்து எத்தனை பேர் இழுத்தாலும் கன்று வராது. தலை இன்னும் மடங்கும், கருப்பை கிழியும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது இழுப்பதற்கு நேர் எதிரான காரியம். கையை நன்றாகக் கழுவி, வழுவழுப்புக்கு மருந்து தடவிக்கொண்டு, மாடு முக்குவதை நிறுத்துகிற இடைவெளி வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் கன்றை மெல்ல உள்ளே தள்ளி இடம் உண்டாக்கி, கீழ்த்தாடையையோ கண்குழியையோ விரலால் பற்றித் தலையை நேருக்குத் திருப்ப வேண்டும். மாடு மறுபடி முக்கும்போது கை நசுங்குவதுபோல் வலிக்கும். பொறுத்துக்கொண்டு அப்படியே வைத்திருந்து, முக்கல் அடங்கியதும் மீண்டும் முயல வேண்டும். தலை நேரானதும் மாட்டின் முக்கலோடு சேர்ந்து இழுத்தால் பெரும்பாலும் இரண்டு பேரே போதும்.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உன் அப்பாவும் அந்தக் கயிற்றைப் பிடித்த நால்வரில் ஒருவர் என்றும், அதன் பிறகு அவர் அந்தக் கொட்டகைப் பக்கமே போவதில்லை என்றும் எழுதியிருக்கிறாய். அவருக்குத் தெரியாததால் அப்படி நடந்தது, கண்ணு. தெரிந்தவரைக் கூப்பிடவும் அந்த நேரத்தில் வழி தெரியவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் வந்திருந்தால் மாடு கட்டாயம் பிழைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு இந்தப் படிப்புக்கு வராதே. சரியாகச் செய்தும் என் கையிலேயே இறந்த மாடுகள் உண்டு. அவற்றில் சிலவற்றின் நிறமும் கொம்பும்கூட இன்னும் நினைவில் இருக்கின்றன.

நீட் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

உன் மாமா அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் அவர் எம்.பி.பி.எஸ். சேர்க்கையையும் கால்நடை மருத்துவச் சேர்க்கையையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டிருக்கிறார். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், அதாவது தானுவாஸ், மாநில ஒதுக்கீட்டு இடங்களைப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் நிரப்புகிறது. அதற்கு நீட் தேவையில்லை. நேர்முகத் தேர்வும் கிடையாது. மொத்த இடங்களில் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும் 15 சதவீதத்துக்குத்தான் நீட் மதிப்பெண் வேண்டும். அந்தக் கலந்தாய்வை நடத்துவது இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில். நீட் எழுதினால் மட்டும் அந்தப் பட்டியலில் பெயர் தானாக வந்துவிடாது. கவுன்சிலின் இணையதளத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். இது தெரியாமல் வாய்ப்பைத் தவறவிட்ட பிள்ளைகள் உண்டு.

இப்போது மாமாவின் யோசனையை எடுத்துக்கொள்வோம். ஒரு வருடம் வீட்டில் இருந்து நீட் படித்தால் கூடப்போவது நீட் மதிப்பெண் மட்டும்தான். பிளஸ் டூ மதிப்பெண் அப்படியேதான் இருக்கும். ஆகவே தமிழ்நாட்டுப் பட்டியலில் உன் இடம் ஓரடிகூட முன்னேறாது. ஒன்றரை லட்சமும் பன்னிரண்டு மாதமும் செலவழித்து நீ நெருங்குவது அந்த 15 சதவீதத்தைத்தான். அங்கே நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகள் போட்டிக்கு நிற்பார்கள். எம்.பி.பி.எஸ்.ஸும் வேண்டும் என்றால் அது வேறு கணக்கு. நீ அப்படிக் கேட்கவில்லை.

இந்த வருடமே நீட்டுக்கு விண்ணப்பித்து ஒருமுறை எழுதிவிடு. பள்ளிப் பாடத்தைப் படித்த படிப்போடு போய் எழுதினால் போதும். தனிப் பயிற்சிக்காக ஆட்டை விற்காதே. உனக்கு இடம் வாங்கித் தரப்போகிற பரீட்சை மார்ச் மாதம் உன் பள்ளிக்கூடத்தில் நடக்கப்போகிற பொதுத்தேர்வு. அதற்கு இன்னும் நான்கு மாதம்தான் இருக்கிறது.

உன் மதிப்பெண்ணைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

காலாண்டுத் தேர்வில் உயிரியல் 84, இயற்பியல் 71, வேதியியல் 78, கணிதம் 90 என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். கணிதத்துக்கு வாரம் ஐந்து நாள் டியூஷன், உயிரியலுக்கு எதுவுமில்லை என்றும் எழுதியிருக்கிறாய். இதைப் படித்தபோது எனக்குப் பகீரென்றது.

கால்நடை மருத்துவத்துக்கான கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. உயிரியல் முழுதாக 100, இயற்பியல் பாதியாக 50, வேதியியல் பாதியாக 50. கணிதம் இந்தக் கணக்கில் வரவே வராது. தமிழும் ஆங்கிலமும் அப்படித்தான். உன் காலாண்டு மதிப்பெண்படி 84-உம் 35.5-உம் 39-உம் சேர்ந்து 158.5 வருகிறது. தரவரிசையின் உச்சியில் இருப்பவர்கள் 200-ஐ ஒட்டி இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே அரை மதிப்பெண் இடைவெளியில் நூற்றுக்கணக்கானவர்கள் நிற்பார்கள். 158-ஐ வைத்துக்கொண்டு இடம் கிடைக்கும் என்று உனக்கு நம்பிக்கை கொடுக்க முடியாது. அது பொய்யாகிவிடும். ஆனால் காலாண்டில் 158 எடுத்த பிள்ளை பொதுத்தேர்வில் 185-ஐத் தாண்டுவது நடக்கக்கூடியதுதான். எந்தப் பாடத்துக்கு உழைக்கிறாய் என்பதைப் பொறுத்தது அது.

உயிரியலில் ஒரு மதிப்பெண் கூடினால் கட்-ஆஃபில் முழுதாக ஒன்று கூடும். இயற்பியலிலோ வேதியியலிலோ கூடினால் அரைதான். அப்படியானால் டியூஷன் நேரம் எந்தப் பாடத்துக்குப் போக வேண்டும், சொல். கணிதத்தில் தேர்ச்சிக்குக் குறையாமல் பார்த்துக்கொள். 90-ஐ 98 ஆக்குவதற்காக மாலைப் பொழுதுகளை அள்ளிக் கொடுக்காதே.

இன்னொரு விஷயம். உயிரியல் எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்ணில் தாவரவியல் 35, விலங்கியல் 35. ஆடு மாடு என்று ஆசைப்படுகிற பிள்ளைகள் விலங்கியலை விழுந்து விழுந்து படித்துவிட்டுத் தாவரவியலைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைப்பார்கள். என் தங்கை மகள் அப்படிச் செய்தாள். மகரந்தச் சேர்க்கையிலும் திசு வளர்ப்பிலும் ஏழு மதிப்பெண்ணை விட்டாள். ஒன்றரை கட்-ஆஃபில் இடம் போயிற்று. இப்போது அவள் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை, நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் தாவரவியல் புத்தகத்தைப் பார்த்தால் இன்றைக்கும் முகம் சுருங்கும். செய்முறைத் தேர்வுக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று மீதி 30 இருக்கிறதே, அதில் ஒன்றைக்கூட விடாதே.

7.5 சதவீதம் உனக்கு வராது

இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. 2021-இல் வந்த சட்டப்படி தொழிற்கல்விப் படிப்புகளில் 7.5 சதவீத இடம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நீ ஒன்பதிலிருந்து படிப்பது அரசு உதவி பெறும் பள்ளி. ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறதே என்று தோன்றும். சட்டத்தின் கணக்கில் அது அரசுப் பள்ளி ஆகாது. நீதிமன்றம் வரை போயும் உதவி பெறும் பள்ளிகளுக்கு அது கிடைக்கவில்லை. தோழிகள் சொன்னதை நம்பி விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில் டிக் அடித்துவிடாதே. சான்றிதழ் சரிபார்ப்பில் சிக்கலாகிவிடும்.

மற்றவை உனக்கு உண்டு. உன் சமூகப் பிரிவுக்கான இட ஒதுக்கீடு உண்டு. வீட்டில் யாரும் பட்டப்படிப்பு படித்ததில்லை என்கிறாய். அப்படியானால் முதல் பட்டதாரிச் சலுகையில் கல்விக் கட்டணம் குறையும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கொடுப்பதை 2024 முதல் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த மாணவிகளுக்கும் விரித்திருக்கிறார்கள். தலைமையாசிரியரிடம் கேட்டு உறுதி செய்துகொள். தானுவாஸ் கல்லூரிகள் எல்லாம் அரசுப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள். தனியார் கல்லூரிபோல் லட்சக்கணக்கில் கேட்கமாட்டார்கள். விடுதிச் செலவும் சாப்பாட்டுச் செலவும்தான் கை கடிக்கும். அதற்குக் கல்விக்கடன் வாங்கலாம். 4 லட்சம் வரை சொத்துப் பிணையம் கேட்காமல் வங்கிகள் கொடுக்கின்றன.

புரோக்கரும் டிப்ளமோ போர்டும்

வெளிமாநில சீட் என்று வருகிறவரிடம் ஒரு பைசாவும் கொடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல். கால்நடை மருத்துவராகத் தொழில் செய்ய வேண்டுமானால் 1984-ஆம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி அங்கீகரித்த பட்டம் வேண்டும். அந்தப் பட்டத்தோடு மாநிலக் கவுன்சிலில் பதிவும் செய்திருக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் ஐந்தரை வருடம் படித்துவிட்டு வந்தால் கையில் காகிதம்தான் இருக்கும், பதிவு எண் இருக்காது. எந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டு என்ற பட்டியல் கவுன்சிலின் இணையதளத்திலேயே இருக்கிறது. அந்தக் கல்லூரியின் பெயரை அவர் வாயால் சொல்லட்டும், நீ பட்டியலில் தேடிப் பார். பெயரைச் சொல்லாமல் முன்பணத்தை மட்டும் கேட்டால் அவர் யார் என்று உனக்கே புரிந்துவிடும்.

ஆறு மாத டிப்ளமோவை நீ தனியாகக் கேட்டிருக்கிறாய். “இதைப் படித்துவிட்டு ஊரில் வைத்தியம் பார்த்துக்கொண்டே பிறகு பெரிய படிப்புக்குப் போகலாமா?” அப்படிச் செய்ய முடியாது, கண்ணு. அதே சட்டத்தின் 30-ஆவது பிரிவின்படி பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் மட்டும்தான் வைத்தியம் பார்க்கலாம். மாநில அரசு அனுமதித்த சிறு சேவைகளை அதற்கான பயிற்சி பெற்றவர்கள் மருத்துவரின் மேற்பார்வையில் செய்யலாம், அவ்வளவுதான். ஆடு வளர்ப்பு, பால் பண்ணை, கோழி வளர்ப்பு என்று நல்ல பயிற்சிகள் இருக்கின்றன. அம்மாவுக்கு அவை உதவும். அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு ஊசி போடப் புறப்பட்டால் சட்டச் சிக்கல் வரும். அதைவிடப் பெரிய விஷயம், உன் வீட்டுக் கிடேரிக்கு நடந்ததே இன்னொரு வீட்டில் உன் கையால் நடக்கும்.

பாட்டி சொன்னதும், நீ அழுவதும்

பாட்டிக்கு என் வணக்கத்தைச் சொல். வேப்பேரியில் இருக்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. நம் நாட்டின் முதல் பெண் கால்நடை மருத்துவர்களில் ஒருவரான சக்குபாய் ராமச்சந்திரன் 1950-களின் தொடக்கத்திலேயே அங்கே படித்து வெளியே வந்துவிட்டார். நான் படிக்கும்போது வகுப்பில் பெண்களை விரல்விட்டு எண்ணலாம். இப்போது கல்லூரிக்குள் போய்ப் பார்த்தால் பெண் பிள்ளைகள்தான் கண்ணில் படுகிறார்கள். மாட்டுக்குள் கைவிட பலம் வேண்டும் என்கிறார்கள். மேலே சொன்னேனே, காத்திருக்கும் பொறுமைதான் அதிகம் வேண்டும். சினைப் பரிசோதனைக்கும் மெலிந்த கைதான் நல்லது. என் கை சிறியது, எருமைக்காரர்கள் என்னைத்தான் தேடி வருவார்கள்.

பாட்டி பயப்பட வேண்டிய விஷயம் வேறு இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. இந்த வேலையில் நோய் ஒட்டும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், கன்று வீசிய, அதாவது மாதம் நிறையாமல் கன்று போட்ட, மாடு ஒன்றுக்கு நஞ்சுக்கொடி விழவில்லை என்று கூப்பிட்டார்கள். கையுறை தீர்ந்துபோயிருந்தது. சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளலாம் என்று வெறுங்கையால் எடுத்தேன். ஒரு மாதம் கழித்துச் சாயங்காலமானால் காய்ச்சல், இடுப்பில் வலி, ராத்திரி வேர்த்துக் கொட்டும். மாட்டிலிருந்து ஒட்டும் புரூசெல்லோசிஸ் என்ற நோய் என்று கண்டுபிடிக்கவே மூன்று மாதம் ஆயிற்று. அந்த வலி குளிர்காலத்தில் இன்றும் எட்டிப்பார்க்கும். வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். கல்லூரியில் சேர்ந்ததும் அதைப் போட்டுக்கொள், யாரும் சொல்லும்வரை காத்திருக்காதே.

இனி உன் அழுகை. கடிதத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆட்டைப் பிடித்துப்போகும்போது அழுகிற பிள்ளை இந்தப் படிப்புக்குத் தாராளமாக வரலாம். ஆனால் எதற்கு வருகிறாய் என்பது தெரிந்து வா. முதல் வருடமே உடற்கூறியல். பார்மலினில் ஊறிய உடலை மேசையில் வைத்து நரம்பு நரம்பாகப் பிரிக்க வேண்டும். கண் எரியும், கையில் நாற்றம் போகாது, மத்தியானம் சோறு இறங்காது. இறைச்சிக்கூடத்துக்குப் போய் அறுத்த உடலைப் பரிசோதிப்பதும் பாடத்தில் உண்டு. செத்த மாட்டை அறுத்துப் பார்த்துக் காரணம் எழுத வேண்டும். இதெல்லாம் பழகிவிடும். பழகாத ஒன்று இருக்கிறது. மாடு நம்மிடம் பேசாது, மாட்டுக்காரர் பேசுவார். “குணமாக எவ்வளவு செலவாகும்மா?” என்று கேட்பார். நீ ஒரு தொகையைச் சொல்வாய். அவர் மாட்டையும் பார்ப்பார், தன் பெண்டாட்டி முகத்தையும் பார்ப்பார். பிறகு, “வேண்டாம்மா, வியாபாரிக்குச் சொல்லி விட்டுடறேன்” என்பார். வைத்தியம் பார்த்தால் பிழைக்கும் என்று உனக்குத் தெரியும். மாட்டின் விலையைவிட வைத்தியச் செலவு கூடுதல் என்று அவருக்குத் தெரியும். அங்கே அவர்மேல் கோபப்படுகிறவர் நல்ல டாக்டராக முடியாது. உன் அம்மா ஆட்டை விற்றுத்தான் உன் பள்ளிச் செலவைப் பார்க்கிறார். அந்த ஆட்டுக்காக அழுகிற மனசும் அந்தக் காசின் அருமையும் இரண்டுமே உனக்குத் தெரியும். பெரிய ஊர்களிலிருந்து நாய்க்குட்டி ஆசையில் மட்டும் வருகிற பிள்ளைகள் இதைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இப்போதைக்கு ஒன்று செய். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை காலையில் உங்கள் ஊர்ப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் போய், டாக்டரிடம் அனுமதி கேட்டு ஓரமாக நின்று பார். இதற்குச் சேர்க்கையில் மதிப்பெண் எதுவும் கிடையாது. உனக்காகத்தான். சினை ஊசி போடுவதையும், கழிச்சல் கண்ட ஆட்டுக்கு மருந்து ஊற்றுவதையும், மடிவீக்கத்துக்குப் பாலைக் கறந்து பார்ப்பதையும் பார். நான்கு முறை போய்விட்டு வந்த பிறகும் இதே ஆசை இருந்தால் உன் சந்தேகத்துக்கு நீயே பதில் சொல்லிக்கொள்வாய்.

மே மாதத்துக்கு முன்னால்

சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் மூன்றையும் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்து வாங்கி வை. ரிசல்ட் வந்த பிறகு போனால் அங்கே வரிசை தெருவரை நிற்கும். ஆதாரிலும் பள்ளிப் பதிவிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார். விண்ணப்பம் ஆன்லைனில் மட்டும்தான். பிரவுசிங் சென்டரில் போட்டாலும் மின்னஞ்சல் முகவரியும் போன் எண்ணும் உன்னுடையதாக இருக்கட்டும். சென்டர்க்காரர் தன் எண்ணைக் கொடுத்துவிட்டு, கலந்தாய்வு அழைப்பு யாருக்கோ போன கதைகள் உண்டு. அந்த வருட விளக்கக் கையேட்டைப் பதிவிறக்கி முதலிலிருந்து கடைசிவரை நீயே படி. விதிகள் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறும்.

சென்னை, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி என்று ஏழு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. தலைவாசல் உங்கள் மாவட்டம், நாமக்கல்லும் பக்கம். அதற்காக அவை இரண்டை மட்டும் குறித்துவிட்டு நிறுத்தாதே. எல்லாம் ஒரே பல்கலைக்கழகம், ஒரே பட்டம். முதல் சுற்றில் கிடைக்காவிட்டாலும் காத்திருப்புப் பட்டியலைக் கவனித்துக்கொண்டே இரு. எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்ததும் இங்கிருந்து விலகிப் போகிறவர்கள் இருப்பார்கள். அப்போது பட்டியல் நகரும்.

படிப்பு ஐந்தரை வருடம். நான்கரை வருடம் வகுப்பு, ஒரு வருடம் உள்ளுறைப் பயிற்சி. பாடம் முழுக்க ஆங்கிலத்தில். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு முதல் ஆறு மாதம் மூச்சு முட்டும். நானும் தமிழ்வழிதான். அகராதியோடு உட்கார்ந்து, ஒவ்வொரு எலும்பின் பெயரையும் நோட்டில் இருபது முறை எழுதினேன். இரண்டாம் வருடம் அந்தக் கவலை போய்விட்டது. படித்து முடித்ததும் அரசு வேலை காத்திருக்கும் என்றும் நினைக்காதே. உதவி மருத்துவர் பணியிடங்கள் எப்போதாவதுதான் வரும். நாமக்கல் கோழிப்பண்ணைகள், பால் நிறுவனங்கள், காப்பீடு, மேற்படிப்பு, சொந்த மருத்துவமனை என்று வழிகள் இருக்கின்றன. ராணுவத்தில்கூடக் கால்நடை மருத்துவர்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு.

இடம் கிடைக்காமலே போனால்? நீ கணிதமும் படிக்கிறாய் என்பது அங்கே கைகொடுக்கும். இதே பல்கலைக்கழகத்தில் உணவுத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம் என்று பி.டெக். படிப்புகள் இருக்கின்றன. வேறு பல்கலைக்கழகங்களில் வேளாண்மையும் மீன்வளமும் இருக்கின்றன. அவற்றுக்கும் விண்ணப்பம் போட்டு வை. கணிதத்தை அடியோடு விட்டுவிடாதே என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

கடைசியாக ஒன்று. வீட்டிலிருக்கும் செவலை மாட்டுக்கு ஆனி மாதம் சினை ஊசி போட்டதாக எழுதியிருக்கிறாய். 280 நாள் கணக்குப் போட்டால் பங்குனியில் கன்று போடும். உன் பொதுத்தேர்வும் அப்போதுதான். மருந்தக டாக்டரிடம் தை மாதமே மாட்டைக் காட்டி நாளைச் சொல்லி வையுங்கள். அவசரத்துக்குக் கூப்பிட 1962 என்ற எண்ணைக் கொட்டகைச் சுவரில் பெரிதாக எழுதிவை, அப்பா கையாலேயே எழுதட்டும். பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரமாகியும் கன்று வெளியே வரும் வழியாகத் தெரியாவிட்டால் உடனே போன் செய்ய வேண்டும், கயிற்றைத் தொடக்கூடாது. இதை அப்பாவிடம் உட்கார்ந்து பேசிச் சொல்லிவிடு. மாடு எந்த ராத்திரி கன்று போட்டாலும் அப்பாவும் அம்மாவும் பார்த்துக்கொள்வார்கள். மறுநாள் உயிரியல் பரீட்சை என்றால் நீ போய்த் தூங்கு.